தெரு மிதிக்காத பூட்ஸ்

காலையில் எடுத்த அளவை, சாயங்காலம் எடுத்தது என்று நான் ஏன் சொன்னேன்?

சொன்னது மதுரையில், ஒரு பூட்ஸ் கடையில். கேட்டவர் கடைக்காரர். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், நானும் சாதாரணமாகத்தான் சொன்னேன். ஏழு வருஷம் ஆகிவிட்டது. அன்று என் இடுப்பில் இருந்த ஒன்பது மாதக் குழந்தை இப்போது மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள். அவளுக்குப் பின் ஒரு பையனும் பிறந்துவிட்டான். பாத்திரம் தேய்க்கும்போது, துணி அலசும்போது, குழந்தைகள் இரண்டும் தூங்கிப்போய் வீடு சற்று அடங்கும்போது, அந்தக் கேள்வி வந்து நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதிலைச் சொல்லி அனுப்புகிறேன். மறுநாள் மறுபடியும் வருகிறது.

என் வீட்டுக்காரர் அப்போது காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் பதிலியாக இருந்தார். நிரந்தர ஆள் வராத அன்று அவர் இடத்தில் நிற்பவர்தான் பதிலி. தினமும் விடியும்போதே மில் வாசலில் போய் நிற்க வேண்டும். பேர் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. ஒரு நாள் போகாவிட்டால் வரிசையில் பேர் பின்னுக்குப் போய்விடும். அதனால் காய்ச்சலில்கூடப் போய் நிற்பார். உள்ளே போய்விட்டால் எட்டு மணி நேரம் நின்றபடியே வேலை. அது முடிந்ததும் சைக்கிளை நேராகத் தேகப்பயிற்சிக் கூடத்துக்கு விட்டுவிடுவார். அங்கேதான் பளு தூக்குவார்.

ஆள் ஒல்லி. தன்னைவிடக் கனமானதைத் தலைக்கு மேலே தூக்குகிறார் என்று நான் சொன்னபோது என் அக்கா நம்பவில்லை. "நல்லா விசாரிச்சியாடி? மூட்டை எறக்குறதத்தான் இப்படிப் பெருமையாச் சொல்றாகளோ என்னமோ" என்றாள்.

அந்தக் கூடத்தில் எல்லாரும் வெறுங்காலோடுதான் தூக்குவார்கள். உள்ளே ஆஞ்சநேயர் படம் இருக்கிறது. செருப்பை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கம்பியில் கை வைக்க வேண்டும். அப்படியே பழகியவருக்கு அந்த வருஷம் ஒரு தாள் வந்தது. மாவட்டப் போட்டி சிவகங்கையில் நடக்கிறது, மேடை ஏறுகிறவர்களுக்குப் பூட்ஸ் கட்டாயம் என்று அதில் போட்டிருந்தது. முதல் இரண்டு பேரை மெட்ராஸ் போட்டிக்கு அனுப்புவார்கள். அங்கே ரயில்வேக்காரர்கள் வந்து பார்த்து ஆள் எடுப்பார்களாம். முந்தின வருஷம் இவரோடு பழகிய ஒருவர் அப்படித்தான் ரயில்வே வேலை கிடைத்து வங்காளத்துக் கரக்பூருக்குப் போனார்.

தாளை இங்கிலீஷிலிருந்து படித்துச் சொன்னவள் நான்தான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள் என்பதால் வீட்டுக்கு வரும் காகிதமெல்லாம் என் கைக்குத்தான் வரும்.

"ரயில்வேல எடுத்துட்டான்னா குவார்ட்டர்ஸ் புள்ள" என்றார். "நமக்குன்னு ஒரு குழாய். எப்பத் திருகுனாலும் தண்ணி. யார்ட்டயும் கேக்க வேணாம்."

நாங்கள் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். முன்கட்டில் வீட்டுக்கார ஆச்சி. கிணறும் அவர்களுடையது. அவர்கள் வீட்டு வேலைக்காரி இறைத்து முடித்த பிறகுதான் நான் வாளியை இறக்கலாம். குழாய் என்று அவர் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்தேன். "ம்" என்றேன்.

அந்த "ம்"முக்குள் நான் அடக்கிக்கொண்டது நிறைய. குழந்தைக்கு மாதம் ஒரு தடவை இளைப்பு வரும். மூச்சு இழுக்கும்போது எந்த டாக்டரிடம் ஓட வேண்டும் என்று இங்கே எனக்குத் தெரியும். பாஷை தெரியாத ஊரில் யாரிடம் போய் என்னவென்று சொல்வேன்? அப்பா போன பிறகு அம்மா கல்லலில் தனியாக இருந்தார். கண் சரியாகத் தெரியாது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை நான் போய் அரிசியில் கல் பொறுக்கி வைத்துவிட்டு வருவேன். இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம். மில்லில் நின்று, கூடத்தில் தூக்கி, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே கண்ணை மூடுகிறவரிடம் எதைச் சொல்வது?

அந்த வாரம் மதுரையில் அக்கா மகனுக்குக் காதுகுத்து. நான் போகிறேன், அவரால் வர முடியாது. அங்கே விளையாட்டுக்காரர்களுக்குப் பூட்ஸ் தைத்து விற்கும் கடை ஒன்றைக் கூடத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். "நீயே வாங்கிட்டு வந்துரு. காலை வரஞ்சு கொண்டு போ. படிச்சவ எடுத்தா அளவு சரியாத்தான இருக்கும்" என்றார்.

நான் புறப்படும் நாள் விடியற்காலையில், மில்லுக்குப் போகுமுன், கிழித்துப்போட்ட காலண்டர் தாளைத் திருப்பித் தரையில் போட்டேன். அவர் அதன் மேல் ஏறி நின்றார். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பென்சில்.

"பென்சிலைச் சாய்க்காத. நட்டமாப் பிடி."

"நட்டமாத்தான் பிடிச்சிருக்கேன். நீங்க ஆடாம நில்லுங்க."

"கூசுது புள்ள."

"அத்தனை எடையைத் தூக்குறீக, ஒரு பென்சிலுக்கு இந்த ஆட்டமா?"

சிரித்தார். தூங்கி எழுந்த கால், எலும்பு தெரிய ஒடுங்கியிருந்தது. இரண்டு காலையும் வரைந்து, தாளைச் சுருட்டி, குழந்தையின் துணிப்பையில் வைத்துக்கொண்டேன்.

கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. கடைக்காரர் ஒரு பாய், வயது ஐம்பது இருக்கலாம். காதுகுத்து முடிந்து, வெயிலில் தேடி அலைந்து, அழுகிற குழந்தையோடு போய் நின்றேன்.

"யாருக்கும்மா? போலீஸ்காரருக்கா?"

"இல்ல பாய். எங்க வீட்டுக்காரர் பளு தூக்குறவரு."

"நீங்க இப்பத் தூக்கிட்டு நிக்கிறதும் பளுதான் தங்கச்சி. முதல்ல உக்காருங்க" என்று ஸ்டூலைத் தள்ளினார்.

எனக்குப் பூட்ஸைப் பற்றி ஒன்றும் தெரியாது. வெள்ளைக் கான்வாஸில் ரப்பர் அடி போட்ட ஜோடி ஒன்று கண்ணில் பட்டது. லேசாக இருந்தது, துவைக்கலாம். இது போதுமே என்றேன். அவர் அதைத் திருப்பி, அடியைக் கட்டைவிரலால் அமுக்கச் சொன்னார். அமுங்கியது.

"இதப் போட்டுட்டுத் தூக்குனா, மெத்தை மேல நின்னுக்கிட்டுத் தண்ணிக் குடத்தத் தலையில ஏத்துற மாதிரி. கனம் ஏறும்போது கீழ எதுவும் அசையக் கூடாது."

இன்னொரு ஜோடியை எடுத்துவந்தார். கறுப்புத் தோல், கணுக்கால் வரை கயிறு. குதிங்காலில் தோலுக்கடியில் மரக்கட்டை வைத்து ஓர் அங்குலம் உயர்த்தியிருந்தது. மேஜையில் தட்டிக் காட்டினார். டக்கென்று கேட்டது. ஆம்பிளைக்குக் குதி உயர்ந்த பூட்ஸா, கூடத்தில் கேலி செய்வார்களோ என்று யோசித்தேன். கான்வாஸை எடுத்துப் பார்த்தேன், தோலை எடுத்துப் பார்த்தேன், மறுபடியும் கான்வாஸ். குழந்தை தோல் பூட்ஸின் கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. பாய் சிரித்து, "அது தேர்ந்தெடுத்திருச்சு" என்றார். சரி, தோலே இருக்கட்டும் என்றேன்.

அதன் பிறகு தாளை விரித்து ஏழாம் நம்பரை அதன் மேல் வைத்தார். பென்சில் கோடு துல்லியமாக மறைந்தது. எட்டாம் நம்பரை வைத்தார். கோட்டுக்கு வெளியே சுற்றிலும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது.

"அளவு காலையில எடுத்ததா, சாயங்காலம் எடுத்ததா தங்கச்சி?"

"சாயங்காலம்."

"அப்ப ஏழு போதும். காலையில எடுத்திருந்தா எட்டு குடுப்பேன். நின்னு வேலை பாக்குறவுகளுக்குப் பொழுது சாயச் சாயக் கால் பருத்துரும்ல" என்று சொல்லிக்கொண்டே பெட்டியில் வைத்தார்.

அந்த இடத்தில் நான் திருத்தியிருக்க வேண்டும். "இல்லை பாய், காலையில் எடுத்தது" என்று நான்கு வார்த்தை. சொல்லவில்லை. கால் பருக்கும் என்பது எனக்குத் தெரியாததா? குழந்தை வயிற்றில் இருந்த கடைசி மாதங்களில் சாயங்காலமானால் என் மெட்டி விரலைக் கவ்வும். சோப்பு நுரை போட்டுக் கழற்றி வைத்துவிட்டு, காலையில் திரும்பப் போட்டுக்கொள்வேன். வீங்கிய அந்தக் கால்களை இவர்தான் மடியில் வைத்துப் பிடித்துவிடுவார்.

பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒரு கேள்வி கேட்டால், எந்தப் பதிலைச் சொன்னால் "உட்கார்" என்பார் என்று பார்த்துச் சொல்கிற பிள்ளை நான். சாயங்காலம் என்பதுதான் சரியான பதில் என்று பாய் குரலிலேயே தெரிந்தது. அதனால் சொன்னேனா? குழந்தை அழுதது, பஸ்ஸுக்கு நேரமாயிற்று, அதனாலா? இவையெல்லாம் முதல் பொய்க்குச் சரி. அவர் விளக்கிச் சொன்ன பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு இவை போதவில்லை. பஸ் மேலூர் தாண்டும்போது எனக்கு மனசு லேசாக இருந்தது. குழந்தை தூங்கிவிட்டதால் என்றுதான் அப்போது நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆச்சி பிடித்துக்கொண்டார்கள்.

"என்னத்தா அது பெட்டியில?"

"பூட்ஸ் ஆச்சி."

"பூட்ஸா? அதத் தூக்கிக்கிட்டு வளவுக்குள்ள வாரியா?"

"புதுசு ஆச்சி. இன்னும் தெருவை மிதிக்கல."

ஆச்சி ஒற்றைப் பூட்ஸைக் கயிற்றைப் பிடித்துத் தூக்கி, அடியைத் திருப்பிப் பார்த்தார்கள். "தெருவ மிதிக்காதவரைக்கும் அது துணிமணிதான். இருந்துட்டுப் போகுது. மிதிச்சதுன்னா அன்னைக்கே கொல்லைக்குப் போயிரணும், சொல்லிப்புட்டேன்."

"மிதிக்காது ஆச்சி."

"தெருவுல போடாத பூட்ஸ எதுக்குடி வாங்குனான் ஒம் புருசன்? கொலுவுல வைக்கவா?"

இவர் அதைப் போட்டுக்கொண்டு பழக ஓர் இடம் வேண்டியிருந்தது. கூடத்துக்குப் பெட்டியோடு எடுத்துப் போனார். தெரு மிதிக்காவிட்டாலும் தோல் தோல்தான், ஆஞ்சநேயர் முன்னால் காலில் கூடாது என்று மூத்தவர்கள் சொல்லிவிட்டார்களாம். "அப்ப இடுப்புல கட்டுற பெல்ட்டு என்ன, வாழை நாரா?" என்று ஒருவர் கேட்டாராம். "இடுப்பு வேற, காலு வேற" என்று முடித்துவிட்டார்கள். ஆகவே பூட்ஸ் வீட்டுக்குத் திரும்பியது. தினமும் விடியுமுன், மில்லுக்குப் போவதற்கு முந்திய அரை மணி நேரம், பின்கட்டு முற்றத்தில் பூட்ஸைப் போட்டுக்கொண்டு என் உலக்கையைக் கம்பியாகப் பாவித்துத் தூக்கிப் பழகினார். உட்கார்ந்து எழுவார், ஒரு காலை முன்னே வைப்பார், உலக்கையோடு நிற்பார்.

ஆச்சி கிணற்றடியிலிருந்து பார்த்துவிட்டு, "உலக்கை தூக்கப் பூட்ஸாக்கும்? எங்க வீட்டு வேலைக்காரி வெறுங்காலோடதான தூக்குறா. அவளையும் சிவகங்கைக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்கள்.

இவர் அதற்கெல்லாம் அசையவில்லை. "கச்சிதமா இருக்கு புள்ள. அச்சுல வார்த்தாப்புல" என்று என்னிடம் சொன்னார். காலையில் எடுத்த அளவு காலையில் சரியாகத்தான் இருந்தது.

"சாயங்காலம் ஒரு தடவை போட்டுப் பாருங்க" என்று சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தேன். சொன்னால் ஏன் என்பார். ஒரு நாள் ஆரம்பித்தே விட்டேன்.

"சாயங்காலம்..."

"சாயங்காலம் என்ன?"

"வரும்போது குழந்தைக்குக் கிரைப் வாட்டர் வாங்கிட்டு வாங்க."

போட்டிக்கு நானும் போனேன். காலை ரயில். பூட்ஸ் பெட்டி அவர் மடியில், குழந்தை என் மடியில். கல்லல் ஸ்டேஷனில் ரயில் நின்றபோது அம்மா ஜன்னலைத் தேடிக்கொண்டு வந்தார். இரண்டு பெட்டி தள்ளிப் போய்ப் பார்த்துவிட்டு, என் குரலைக் கேட்டுத் திரும்பினார். முறுக்குப் பொட்டலத்தை உள்ளே நீட்டி, "மாப்பிள்ளை, நல்லபடியாத் தூக்குங்க" என்றார். குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே என்னிடம் மெதுவாக, "செயிச்சா ரொம்பத் தூரம் போயிருவீகளாமேடி?" என்று கேட்டார். ரயில் நகர்ந்துவிட்டது.

சிவகங்கையில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கொட்டகை போட்டிருந்தார்கள். காலையில் எடை பார்த்துவிட்டார்கள். தலைமை தாங்க வருகிறவர் வரவில்லை என்று போட்டி தள்ளிக்கொண்டே போயிற்று. இவருக்கு உட்கார்ந்திருக்கத் தெரியாது. மில் வாசலில் நிற்கிற மாதிரி காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தார். "கொஞ்சம் உக்காருங்களேன்" என்று மூன்று தடவை சொன்னேன். அதை மட்டும் சொன்னேன்.

அவர் பேரைக் கூப்பிடும்போது வெயில் சாய்ந்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைப் போட்டார். கயிற்றைக் கட்டினார், அவிழ்த்தார், தளர்த்திக் கட்டினார், மறுபடியும் அவிழ்த்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வைத்த எடைகளையெல்லாம் தூக்கிவிட்டார். பலத்துக்குக் குறைவில்லை. கடைசி எடையைத் தூக்கினால் இரண்டாவது இடம் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். கம்பி மார்புக்கு வந்தது, தலைக்கு மேலே போயிற்று. இனி இரண்டு காலையும் ஒரு வரிசையில் கொண்டுவந்து, நடுவர் கை காட்டும்வரை அசையாமல் நிற்க வேண்டும். கைகள் நின்றன. இடது கால் மட்டும் நிற்கவில்லை. விரல்கள் உள்ளே விரிய இடம் இல்லாமல், பாதம் ஒரு பக்கமாகப் புரண்டு நகர்ந்தது. இன்னும் ஓர் அடி. கம்பி முன்னால் விழுந்தது. அந்தச் சத்தத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. குழந்தையைத் தேற்றுகிற சாக்கில் நான் கொட்டகைக்கு வெளியே வந்துவிட்டேன்.

மூன்றாவது இடம்.

பூட்ஸைக் கழற்றியபோது இடது பெருவிரல் நகம் கறுத்திருந்தது. வந்த செருப்பும் அந்தக் காலில் ஏறவில்லை. ஸ்டேஷன்வரை வெறுங்காலோடு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். பூட்ஸைப் பெட்டியில் வைத்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அதையாவது தளர்த்திப் போட்டுக்கிட்டு வாங்களேன், கல்லு குத்துது."

"ஆச்சி வீட்டுக்குள்ள கொண்டு போகணும்ல? தெருவ மிதிச்சா ஒத்துக்க மாட்டாக."

ரயிலில் கேட்டேன். "அளவு தப்பாப் போச்சோ?" அதுதான் நான் உண்மைக்கு மிக அருகில் போன இடம்.

"நீ எடுத்த அளவா தப்பும்? காலு வீங்கிருச்சு புள்ள, அவ்வளவுதான். தலைமை தாங்க வந்த ஆளு நேரத்துக்கு வந்திருந்தா நான் ரெண்டாவது" என்று சொல்லிவிட்டு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். கல்லல் வந்தபோது இருட்டிவிட்டது. பிளாட்பாரத்தில் அம்மா இல்லை.

இரண்டாவது வந்தவர் மறு வருஷம் ரயில்வேயில் சேர்ந்துவிட்டார். அங்கே குழாயில் எப்போதும் தண்ணீர் வருகிறதாம். இவரே ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார், வருத்தமில்லாமல். நான் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன். இவருக்கு இரண்டு வருஷம் கழித்து மில்லில் நிரந்தரம் ஆயிற்று. குழந்தைக்கு இளைப்பும் தானாகவே நின்றுவிட்டது. அம்மா போன ஆனியில் இறந்துவிட்டார். யாரை விட்டுப் போக முடியாது என்று நினைத்தேனோ அவரே இல்லை. ஒருவேளை அவருக்காகத்தான் சொன்னேனோ என்று நினைத்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. உடனே, செய்ததை இறந்தவர் தலையில் ஏற்றிவைக்கிறேனே என்றும் தோன்றுகிறது.

பூட்ஸ் பெட்டி அலமாரிக்கு மேலே இருக்கிறது. "ஏழு வருசமாத் துணிமணியாவே இருக்குடி அது" என்று ஆச்சி இன்னும் கேலி செய்கிறார்கள்.

இத்தனையும் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. மில்லில் சொந்தமாக ஒரு பளு தூக்கும் குழு ஆரம்பித்திருக்கிறார்கள். புதுக் கூடம், சிமென்ட் தரை, பூட்ஸோடு உள்ளே போகலாம். ரயில்வே, மெட்ராஸ் எதுவும் இல்லை. மில்லுக்கு மில் போட்டி, அவ்வளவுதான். இவருக்கு முப்பத்துநாலு வயது. "ஒரே ஒரு தடவை புள்ள" என்கிறார். பழைய பூட்ஸில் தோல் வெடித்துவிட்டது, புதிது வாங்க வேண்டும். பொங்கல் கழிந்து நான் அக்கா வீட்டுக்கு மதுரை போகிறேன். நேற்று ஒரு காலண்டர் தாளைத் திருப்பிக் கட்டிலில் வைத்துவிட்டு, "போன தடவை மாதிரியே விடியக்காலம் எடுத்துருவோம். அன்னைக்குக் கச்சிதமா இருந்துச்சுல்ல" என்று சொல்லிவிட்டு மில்லுக்குப் போய்விட்டார்.

இந்தத் தடவை சாயங்காலம்தான் எடுக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் "ஏன் சாயங்காலம்?" என்று கேட்பார். யாரோ சொன்னார்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லி அளந்துவிடலாம். பூட்ஸ் சரியாக அமைந்துவிடும். அமைந்துவிட்டால், ஏழு வருஷத்துக்கு முன் ஏன் அமையவில்லை என்று அவரே ஒரு நாள் யோசிக்க மாட்டாரா? இல்லை, உள்ளதைச் சொல்லிவிடலாம். தலைமை தாங்க வந்தவர் தாமதமாக வந்ததால் தோற்றேன் என்று இத்தனை நாள் நிம்மதியாக இருக்கிறவரிடம், இல்லை, என்னால்தான் என்று சொன்னால், அது யாருடைய நிம்மதிக்கு?

படிக்கிறவர்களில் இப்படி ஒன்றை வருஷக்கணக்காக வைத்திருந்து, பிறகு வீட்டுக்காரரிடம் சொன்னவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். எந்த நேரத்தில், எந்த வார்த்தையில் ஆரம்பித்தீர்கள்? சொன்ன மறுநாள் அவர் உங்களோடு எப்படிப் பேசினார்? சொல்லாமலே விட்டவர்களும் எழுதுங்கள். பொங்கலுக்கு முன் உங்கள் பதில் கிடைத்தால் நல்லது. தாள் இன்னும் கட்டிலில்தான் கிடக்கிறது.